முரளி நமக்கு என்ன முறை? நீலகிரியில் நான்கு நாள்

முதல் நாள்: மேட்டுப்பாளையம், கோத்தகிரி

திருச்சியில் இரவு பஸ் ஏறி, விடியும் நேரத்தில் மேட்டுப்பாளையத்தில் இறங்கினோம், நானும் என் மகனும். சின்னவளுக்கு ஆனி மாதம் காதுகுத்து வைத்திருக்கிறோம். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் நீலகிரியில் இருக்கிற என் அப்பா வழிச் சொந்தங்களுக்குப் பத்திரிகை வைக்கும் வேலை என் தலையில். போனில் சொன்னாலும் வந்துவிடுவார்கள். ஆனால் எங்கள் ஆட்களுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து நேரில் நீட்டினால்தான் அழைத்த மாதிரி.

மகன் கூட வந்ததற்குக் காரணம் வேறு. ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறான். பள்ளிக் கிரிக்கெட் அணியில் ஆஃப் ஸ்பின் என்கிற சுழற்பந்து போடுகிறான். "முத்தையா முரளிதரன் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்" என்று, இலங்கையின் அந்தச் சுழற்பந்து வீச்சாளரைப் பற்றி, அணியில் சொல்லியிருக்கிறான். என்ன முறை என்று ஒருவன் கேட்டிருக்கிறான். இவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டான். எனக்கும் தெரியவில்லை.

எனக்கு அதைச் சொன்னது என் அப்பாயி. நான் பாவாடை சட்டை போட்ட வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த பேச்சு அது. டிவியில் முரளி பந்தோடு ஓடி வந்தால், "அந்தா பாரு, நம்ம பேரன்" என்பார். எங்கள் வீட்டில் யாரும் அதை விசாரித்ததில்லை. சித்தி, மாமா என்பது போல அதுவும் ஒரு சொந்தம். அப்பாயி 2016-ல் தவறிவிட்டார். அப்பாவும் நாலு வருடத்துக்கு முன் போய்விட்டார். மலையில் இருக்கிற பெரியவர்களைக் கேட்டால் தெரியும் என்று மகனிடம் சொன்னேன். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான்.

குஞ்சப்பனை தாண்டும்போது ரோட்டோரம் பலாப்பழக் கடைகள். பலா பழுத்தால் யானை இறங்கும் என்று பக்கத்து சீட் அம்மா சொன்னார். வளைவுகள் ஏற ஏறக் காதடைத்தது. ஒன்பது மணிக்குக் கோத்தகிரியில் அத்தை வீட்டில் இருந்தோம்.

அத்தை வீட்டுச் சாப்பாட்டைச் சொல்லாமல் போக முடியாது. தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி, கட்டச்சம்பல், கூடவே பிளேன்டீ. கட்டச்சம்பலுக்கு மாசிக் கருவாட்டை இடிக்கிற சத்தம் கேட்டால் எனக்கு அப்பாயி அடுப்படியில் இருப்பதாகவே தோன்றும். அத்தை ஐந்து வயதில் இலங்கையிலிருந்து வந்தவர். இன்றைக்கும் சர்க்கரையைச் சீனி என்கிறார், திண்ணையை இஸ்தோப்பு என்கிறார்.

எங்கள் கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நாங்கள் தாயகம் திரும்பியோர். என் அப்பாயியின் அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிப்போய் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அப்பாயி பிறந்தது புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டையும் சேராதவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்தது. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கூடப்பிறந்தவர்கள் ஒரே நாட்டுக் கணக்கில் வரவேண்டும் என்று இல்லை. அப்பாயியின் அண்ணனுக்கு அங்கே குடியுரிமை கிடைத்தது. அப்பாயிக்கும் அவர் தம்பிக்கும் இந்தியா. தோட்டத்திலிருந்து ரயிலேறித் தலைமன்னார், அங்கிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை.

அத்தையிடம் மகன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான். அத்தை கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"முறையெல்லாம் எனக்குத் தெரியாது கண்ணு. ஆனா உங்க பூட்டி அவருக்காக வேண்டிக்கிட்டது எனக்குத் தெரியும்."

எனக்கே இது புதுச் செய்தி. 1995 டிசம்பர் 26. மெல்போர்னில் டெஸ்ட். டாரல் ஹேர் என்ற நடுவர், முரளி முழங்கையை மடக்கி நிமிர்த்திப் பந்தை எறிகிறார், அது விதிக்கு மாறு என்று ஏழு முறை நோ-பால் சொன்னார். அடுத்த மாதமே பிரிஸ்பேனில் இன்னொரு நடுவரும் சொன்னார். முரளிக்குப் பிறவியிலேயே முழங்கை முழுதாக நிமிராது. மடங்கிய கையோடுதான் அவர் பந்து போட முடியும். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது எறிவதாகத் தெரிந்தது. இந்தச் சேதி அப்பாயி காதுக்கு எப்படி வந்தது என்று அத்தைக்கு நினைவில்லை. "ஒரு நாள் மலையிலிருந்து வந்ததும் கூடையைக்கூட இறக்கல. நின்னுக்கிட்டே அழுதுச்சு. நம்ம பிள்ளை கையப் பத்தித் தப்பாப் பேசிட்டாங்கன்னு."

அடுத்த வெள்ளிக்கிழமை கடைவீதி மாரியம்மனிடம் போய், முரளி கை மேல் விழுந்த பழி நீங்கினால் வெள்ளியில் கை செய்து போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாராம். கை கால் சுகமில்லாதவர்களுக்கு உருவம் வாங்கிப் போடுவது எங்களிடம் வழக்கம்தான். முகம் பார்க்காத பேரனுக்காக, கொழுந்து எடுத்த கூலியில் மிச்சம் பிடித்து ஒரு கிழவி அதை நேர்ந்துகொண்டாள் என்று கேட்டபோது என்னால் பேச முடியவில்லை.

"போட்டாங்களா அத்தை?"

"போட்டாங்க. ஒன்பது வருசம் கழிச்சு. உங்கப்பாதான் வந்து சொன்னான், இனிமே அம்பயருங்க ஒண்ணும் சொல்ல முடியாது, சட்டத்தையே மாத்திட்டாங்கன்னு."

கணக்குச் சரியாக இருந்தது. யார் பந்து போட்டாலும் முழங்கை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது என்று ஆராய்ச்சியில் தெரிந்து, 15 பாகை வரை அனுமதி என்று சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசி 2005-ல் விதியை மாற்றியது. அதற்கு முன் முரளி முழங்கையை அசைக்கவே முடியாதபடி கட்டு மாட்டிக்கொண்டு, கேமரா முன்னால் பந்தைச் சுழற்றியும் காட்டியிருந்தார்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். மகன் சந்நிதி முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் கண்ணை மூடி நின்றான்.

இரண்டாம் நாள்: ஊட்டி வழியாகக் கூடலூர்

காலையில் கிளம்பியது, கூடலூர் சேர மூன்று மணி ஆகிவிட்டது. மலர்க் கண்காட்சிக் கூட்டம். சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்ன பிறகும் ஊட்டிக்குள் வண்டி நகரவில்லை. நாங்கள் பஸ்ஸிலேயே உட்கார்ந்து கடந்தோம். பைக்காரா தாண்டியதும் கூட்டம் குறைந்தது. நடுவட்டத்துக்கு அப்புறம் மலை சரேலென்று கீழே இறங்குகிறது. குளிர் போய் வெக்கை வருகிறது, யூகலிப்டஸ் போய்ப் பாக்கும் மிளகுக் கொடியும் வருகின்றன, டீக்கடையில் மலையாளம் கேட்கிறது. ஒரே மாவட்டம் என்று சொன்னால் புதிதாக வருகிறவர்கள் நம்பமாட்டார்கள்.

கூடலூரில் சித்தப்பா வீடு. அப்பாவின் சின்னம்மா மகன். எங்கள் குடும்பத்தில் உறவுமுறைக் கணக்குக்கு அவர்தான். யாருக்கு யார் என்ன முறை என்று கல்யாணப் பேச்சில் சிக்கல் வந்தால் அவருக்குத்தான் போன் போகும்.

மகன் கேட்டதும் நோட்டை வாங்கிக்கொண்டு அவரே கோடு போட ஆரம்பித்தார். எங்கள் பாட்டனார் பெயர், அவருடைய தங்கை, அந்தத் தங்கை மகளைக் கொடுத்த இடம் கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலை. "முரளியோட அப்பா பிஸ்கட் ஃபேக்டரி வச்சிருந்ததும் குண்டசாலைதான்" என்றார். மகன் முகத்தில் வெளிச்சம் வந்தது. சித்தப்பா அடுத்த கோட்டைப் போடப்போய்ப் பேனாவை நிறுத்தினார். குண்டசாலைக்காரர்கள் 1970-ல் கப்பலேறியவர்கள். தமிழ்நாட்டில் எங்கே இறங்கினார்கள், எந்தத் தோட்டத்துக்கோ நூற்பாலைக்கோ போனார்கள் என்று தெரியாது. இன்னொரு வழியில் போட்டுப் பார்த்தார். அது மூன்றாம் படியிலேயே நின்றது. அந்தக் கிளை அங்கேயே தங்கிவிட்டது, 1983-ல் அங்கே தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு கடிதம் இல்லை. மூன்றாவது வழியும் கடலில்தான் போய் நின்றது. ஒரு கோடுகூட முரளி வீட்டு வாசலைத் தொடவில்லை.

முரளி வீட்டைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். அவர் தாத்தா 1920-ல் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். பிறகு மகள்களோடு திரும்பி வந்து திருச்சியில் தங்கிவிட்டார். மகன்கள் கண்டிப் பக்கமே நின்று தொழில் தொடங்கினார்கள். 1977 கலவரத்தில் அந்தத் தொழிற்சாலைக்குத் தீ வைத்தார்கள். முரளிக்கு அப்போது ஐந்து வயது. இதை வாசித்தால் எங்கள் வீட்டில் எவருக்கும் தங்கள் குடும்பக் கதையாகத்தான் தோன்றும். அண்ணன் அங்கே, தங்கை இங்கே. அதே திருச்சி, அதே கண்டி.

இரவு சாப்பிடும்போது சித்தப்பா வேறொன்று சொன்னார். அவரும் அப்பாவும் இங்கே பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில் அவர்களுக்குப் பெயரே கிடையாது. "சிலோன்காரன்" என்றுதான் கூப்பிடுவார்களாம். வாத்தியார் கூப்பிட்டாலும் அப்படித்தான், கடையில் உப்பு வாங்கப் போனாலும் அப்படித்தான். இந்தியாவுக்கு வந்த பிறகு அந்தப் பெயர், அங்கே இருந்தவரை "இந்தியாக்காரன்." சித்தப்பா மகன் படித்த காலத்திலும் அது ஓயவில்லை. 1996 மார்ச்சில் லாகூரில் ஆஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டில் தோற்கடித்து இலங்கை உலகக் கோப்பை வாங்கியது. பள்ளி திறந்ததும் மைதானத்தில் பையன்கள் இவனிடம் வந்து, "டேய், உங்க ஆள் மாதிரி போடுடா பார்க்கலாம்" என்று பந்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

"அன்னைக்கு ராத்திரி அவன் என்கிட்ட வந்து கேட்டான், அப்பா நிஜமாவே அவர் நமக்குச் சொந்தமான்னு. நான் ஆமான்னு சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் அதை மாத்திச் சொல்லல" என்றார் சித்தப்பா.

சித்தி பேச்சை மாற்றி மகனுக்கு இன்னொரு கரண்டி மீன் குழம்பு ஊற்றினார். நான் மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தூரத்தில் யாரோ பட்டாசு போட்டு யானை விரட்டுகிறார்கள்.

மூன்றாம் நாள்: நாடுகாணி, தேவாலா, பந்தலூர், கொளப்பள்ளி

நாடுகாணியில் நிலம்பூர் ரோடு பிரிகிறது. நாங்கள் நேராகத் தேவாலா வழி. தேவாலாவில் இறங்கி ஒரு டீ குடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டிலேயே மழை கொட்டித் தீர்க்கிற ஊர்களில் ஒன்று அது. ஒரு காலத்தில் தங்கம் எடுக்கலாம் என்று வெள்ளைக்காரக் கம்பெனிகள் 1880 வாக்கில் வந்து குழி தோண்டிவிட்டுப் போன ஊரும் அதுதான். பந்தலூர் தாண்டினால் கண்ணுக்கெட்டிய வரை தேயிலை. நடுநடுவே பச்சை எழுத்தில் டேன்டீ பலகை. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தோட்டம் இது. சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி என்று பக்கம் பக்கமாக இருக்கிற பிரிவுகளில் இன்று நிரை போட்டு நிற்கிற செடிகளை, காடாகக் கிடந்த சரிவில் குழி வெட்டி நட்டவர்கள் எங்கள் ஆட்கள்.

சின்னத் தாத்தா, அதாவது அப்பாயியின் தம்பி, இங்கேதான் இருக்கிறார். வயது 83. மகன் தோட்டத்தில் வேலை பார்க்கிறார், அவரோடு லயத்தில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், கண் நன்றாகத் தெரிகிறது. காலில் விழுந்த மகனைத் தூக்கி, முதல் வேலையாக அவன் வலது கையை வாங்கி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்திப் பார்த்தார்.

"ஸ்பின்னா போடுற? எந்த விரல்ல திருப்புற?"

மகன் ஆள்காட்டி விரலைக் காட்டினான்.

"முரளிக்கு மணிக்கட்டுய்யா. கொழுந்து கிள்ளும்போது மணிக்கட்டு திரும்பும் பாரு, அப்படித் திரும்பும்" என்று வெறும் கையால் காற்றில் ஒரு கொழுந்து கிள்ளிக் காட்டினார். முரளி தேயிலை பறித்தவர் இல்லை, கண்டியில் நல்ல பள்ளிக்கூடத்தில் படித்து விளையாட வந்தவர். அது தாத்தாவுக்கும் தெரியும். ஆனால் அந்த மணிக்கட்டு அவர் சொன்னபடிதான் திரும்பும். ஆஃப் ஸ்பின்னர்கள் விரலால் சுழற்றுவார்கள். முரளி மணிக்கட்டால் சுழற்றிய ஆஃப் ஸ்பின்னர். 133 டெஸ்டில் 800 விக்கெட் எடுத்த மணிக்கட்டு அது.

800 என்றதும் தாத்தா என் பக்கம் திரும்பினார். "உங்கப்பன் சொன்னான்ல அன்னைக்கு, போன்ல."

எனக்கு அந்த நாள் அப்படியே நினைவிருக்கிறது. 2010 ஜூலை 22, வியாழக்கிழமை. இலங்கையின் காலி நகரில் இந்தியாவோடு டெஸ்ட். இதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று முரளி முன்னாலேயே சொல்லிவிட்டார். ஆட்டம் தொடங்கும்போது 792. எட்டு வேண்டும். முதல் இன்னிங்ஸில் ஐந்து வந்தது. இரண்டாவதில் 799 வரைக்கும் வந்து, கடைசி விக்கெட் மட்டும் மிச்சம். அதுவும் முரளிக்கே கிடைக்க வேண்டும். இன்னொரு முனையிலிருந்து மாலிங்கா ஐந்து விக்கெட் எடுத்து மிரட்டிக்கொண்டிருந்தார். லக்ஷ்மண் வேறு ரன் அவுட் ஆகி, அதில் ஒன்று வீணாகியிருந்தது. இஷாந்தும் ஓஜாவும் அவுட் ஆகாமல் நின்றுகொண்டே இருந்தார்கள்.

திருச்சியில் எங்கள் வீட்டில் அப்பா வேலைக்குப் போகாமல் டிவி முன்னால். நான் கல்லூரிக்குப் போகாமல் அவர் பக்கத்தில். கொளப்பள்ளியில் மழையில் மரம் விழுந்து கரண்ட் இல்லை என்று தாத்தா வீட்டிலிருந்து போன் வந்தது. அப்பா போனைக் கீழே வைக்கவே இல்லை. ஒவ்வொரு பந்தாகச் சொன்னார். "முரளி வர்றார். போட்டாச்சு. ஓஜா தடுத்துட்டான்." "மாலிங்கா. வெளிய போச்சு, நல்லவேளை." நல்லவேளை என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கும். ஆடுவது இந்தியா. நாங்கள் இந்தியக் குடிமக்கள், அப்பா அந்தக் குடியுரிமைச் சான்றிதழைப் பீரோவில் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தவர். இருந்தாலும் அன்றைக்கு அந்த ஒரு விக்கெட்டை அவர் வேண்டினார். நானும் வேண்டினேன். அதில் எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை.

போனின் இந்தப் பக்கம் எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பதினைந்து வருடம் கழித்து இன்றைக்குத்தான் கேட்டேன்.

வேலை முடிந்து வந்தவர்கள், வேலைக்குப் போகாதவர்கள் என்று லயத்துக்காரர்கள் மொத்தமும் இந்த இஸ்தோப்பில். வெளியே மழை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் போன் ஸ்பீக்கர் கேட்கவில்லை. அதனால் தாத்தாவின் பேத்தி போனைக் காதில் வைத்துக்கொண்டு, அப்பா சொல்வதைக் கேட்டுக் கேட்டு உரக்கத் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. கிரிக்கெட் தெரியாது. "ஸ்லிப்பு" என்றால் மட்டையாளருக்குப் பின்னால் கேட்ச் பிடிக்க நிற்கிற இடம் என்று தெரியாமல், "ஓஜா ஸ்லிப்பாயிட்டான், ஜெயவர்த்தனா புடிச்சிட்டாரு" என்று கத்தியிருக்கிறாள். யாரும் திருத்தவில்லை. விளங்கிவிட்டது. முரளி பந்தில் ஜெயவர்த்தனா பிடித்த 77-ஆவது கேட்ச் அது.

"பொம்பளைங்க குலவை போட்டாங்க. மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சு. உங்கப்பன் அந்தப் பக்கம் அழுதான், பிள்ளை அதையும் சொன்னா, மாமா அழுவுறாருன்னு."

அப்பா அழுததை நான் பார்த்தேன். குலவையும் போனில் மெலிதாகக் கேட்டது. மழை இரைச்சலாக இருக்கும் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

மகன் பொறுமையாக இருந்தான். கடைசியில் நோட்டை எடுத்து, "தாத்தா, அவர் நமக்கு என்ன முறை?" என்று கேட்டான். தாத்தா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். காம்பராவுக்குள், அதாவது லயத்து அறைக்குள், டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். உள்ளே கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை, குடும்பத்தார் எல்லோரும் வரிசையாக நிற்கிற போட்டோவோடு. அதன் மடிப்பில் ஒரு நீலக் கடுதாசி. புசல்லாவையிலிருந்து அவர் அண்ணன் எழுதியது. தை மாதம், 1996.

"உங்க பூட்டிக்கு வந்த கடுதாசி. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது அதுக்கு. பக்கத்துக் காம்பராப் பையன் படிச்சுச் சொன்னான். அப்புறம் என்கிட்ட கொடுத்து வச்சுக்கடான்னுச்சு. நீயே படி."

மகன் படித்தான். நலம், நலமறிய ஆவல். மாடு கன்று போட்டது. சின்ன மகனுக்கு கொழும்பில் கடையில் வேலை. அதன் கீழே: "டிவியில் பார்த்திருப்பீர்கள். முத்தையா மகன், கண்டிப் பொடியன், நம்ம பிள்ளை. அவன் பந்து போடுவதை எறிகிறான் என்று வெள்ளைக்காரன் ஏழு தடவை கை நீட்டிவிட்டான். மனசு கேட்கவில்லை தங்கச்சி. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. நம்ம பிள்ளைக்காக அங்கே கோயிலில் ஒரு அர்ச்சனை செய்."

அவ்வளவுதான். முறை எதுவும் எழுதவில்லை. எந்தத் தோட்டம், யார் வழி, எதுவும் இல்லை. அண்ணன் "நம்ம பிள்ளை" என்று எழுதினார், தங்கை அதை உறவு என்று எடுத்துக்கொண்டு, பேரன் முறை என்று கணக்கும் போட்டுக்கொண்டு, வெள்ளிக் கை நேர்ந்துவிட்டார். கோத்தகிரியில் அத்தைக்கு நினைவில்லாத சேதி இதுதான்.

"அப்போ சொந்தம் இல்லையா?" என்றான் மகன். குரல் சின்னதாகிவிட்டது.

தாத்தாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை என்று நினைக்கிறேன். காது மந்தத்தைச் சொல்லவில்லை. கடுதாசியை அவன் கையிலிருந்து வாங்கி, அந்த வரியில் விரலை வைத்தார்.

"எங்கண்ணன் நம்ம பிள்ளைன்னு எழுதியிருக்காரே. அப்புறம் என்ன?"

ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. தாத்தா பக்கம்தான் நானும். யாரோ ஒரு புகழ்பெற்றவரோடு ஒட்டிக்கொள்கிற ஆசை என்று இதைச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அண்ணன், இந்தப் பக்கம் இருக்கிற தங்கைக்கு, இருபது வருடத்துக்கு மேல் பார்க்காமல் இருந்துவிட்டு எழுதுகிற கடுதாசி. இரண்டு பேருக்கும் பொதுவாக அழுவதற்கு ஒரு பிள்ளை இருந்தான். சிரிப்பதற்கும் அவனே இருந்தான், அடுத்த மார்ச்சில்.

நான்காம் நாள்: கொளப்பள்ளி, பந்தலூர், திரும்பல்

காலை ஏழரைக்குப் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்தில், ஆட்கள் கூடிவிட்டார்கள். மே மாத மழைக்குக் கொழுந்து தளதளவென்று நிற்கிறது. அவர்கள் மலைக்குப் போனதும் களம் காலியானது. லயத்துப் பிள்ளைகள் மூன்று செங்கல்லை அடுக்கி ஸ்டம்ப் ஆக்கினார்கள். ஒரு பக்கம் சரிவு, பந்து உருண்டால் தேயிலைக்குள் போய்விடும். அப்படிப் போனால் அட்டை ஏறாமல் யாரும் திரும்ப முடியாது. அதனால் இங்கே எல்லோரும் நேராக அடிக்கப் பழகியிருக்கிறார்கள்.

மகன் பன்னிரண்டு ஓவராவது போட்டிருப்பான். தாத்தா நாற்காலி போட்டுக்கொண்டு பார்த்தார். முதலில் அவன் வழக்கம்போல விரலால் போட்டான். அப்புறம் மணிக்கட்டைத் திருப்ப ஆரம்பித்தான். பந்து எங்கெங்கோ போயிற்று. ஒரே ஒரு பந்து மட்டும் வெளியே குத்தி, மண்ணில் சரக்கென்று கடித்து உள்ளே திரும்பிச் செங்கல்லைத் தட்டியது. தாத்தா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

கிளம்பும் முன் தாத்தாவுக்குப் பத்திரிகை வைத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எத்தனை மிச்சம் வச்சிருக்க?" என்று கேட்டார். ஐந்து இருந்தது.

"அண்ணன் வீட்டுக்கு ஒண்ணு வைக்கணும்ல."

அவர் அண்ணன் போய்ப் பல வருடம் ஆகிறது. பேரன் பேத்திகள் இன்னும் புசல்லாவையில் இருக்கிறார்கள். என் கல்யாணத்துக்கு அங்கே பத்திரிகை போகவில்லை. அப்பாவின் காரியத்துக்குச் சேதிகூடச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்று நினைக்கவில்லை, நினைவே வரவில்லை. முரளிக்கு என்ன முறை என்று நாலு நாள் மலை மலையாக அலைந்த எனக்கு, சொந்த மாமன் மகன்களின் பெயர் தெரியாது. அதை இங்கே எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது.

தாத்தா மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் அவர் கையாலேயே தடவினார். பெரிய பேரன் பெயரைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அத்தனை வருடம் கழித்தும் தோட்டம், டிவிஷன், ஊர் என்று விலாசம் தடையில்லாமல் வந்தது. மகன் தன் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து ஏதோ எழுதி, பத்திரிகைக்குள் வைத்து மடித்தான். பார்க்கக் கூடாது என்றான்.

பந்தலூரில் இறங்கித் தபால் ஆபீஸுக்குப் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் எடை போட்டு, ஸ்ரீலங்காவா என்று ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். உறையை ஒட்டும் முன் மகனே அந்தத் தாளை எடுத்து, சரி பாருங்கம்மா என்று நீட்டினான்.

"அன்புள்ள மாமாவுக்கு, நான் திருச்சியில் ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறேன். ஆஃப் ஸ்பின் போடுவேன். உங்கள் வீட்டில் யாராவது பந்து போடுவார்களா? தங்கச்சி காதுகுத்துக்குக் கட்டாயம் வரவும்."

கீழே கையெழுத்துப் போட்டு, அடைப்புக்குள் "நம்ம பிள்ளை" என்று எழுதியிருந்தான்.